வீட்டுச் சமையலுக்குத் திருநீற்றுப் பச்சை: ரகம் தேர்தலும் வளர்த்தலும்

(குன்றத்தூர் வட்டாரத்து ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



குன்றத்தூர் மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், சில வீடுகளின் கொல்லைப்புறத்தில், கிணற்றடியிலோ துவைக்கும் கல்லின் ஓரத்திலோ, கேட்பாரற்று நிற்கும் செடியொன்று உண்டு. பூக்கட்டுவோர் அதன் கொழுந்தைக் கிள்ளி மரிக்கொழுந்தோடும் மருவோடும் சேர்த்துக் கதம்பத்தில் வைப்பர். சர்பத்துக் கடைக்காரர் அதன் கறுப்பு விதையைத் தண்ணீரில் ஊறவைத்து நன்னாரிச் சர்பத்தில் மிதக்கவிடுவர். செடிக்குத் திருநீற்றுப் பச்சை என்றும், திருநீற்றுப் பச்சிலை என்றும், உருத்திரச்சடை என்றும் பெயர். விதைக்குச் சப்ஜா என்று பெயர். மாலைக்குக் கொழுந்து, சர்பத்துக்கு விதை, இவ்விரண்டோடு இச்செடியின் உபயோகம் முடிந்ததென்றே ஜனங்கள் எண்ணி வந்திருக்கின்றனர். அடுப்பங்கரைக்குள் அது பெரும்பாலும் நுழைந்ததே இல்லை.

ஆயினும், இத்தாலி தேசத்தார் தக்காளிக் குழம்பிலும் துவையலிலும் சேர்க்கும் கீரை இச்செடியின் இலையே. ஸயாம் என்று முன்பு வழங்கிய தாய்லாந்து தேசத்தார் தேங்காய்ப்பால் குழம்பில் இடுவதும் இதன் ஒரு ரகமே. ஈரானில் இதனை ‘ரைஹான்’ என்று சொல்லிச் சாப்பாட்டோடு பச்சையாகவே கடித்துக்கொள்வர். சென்னைப் பட்டணத்துப் பெரிய கடைகளில் ‘பேஸில்’ என்ற பெயருடன் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து விற்கப்படுவதும் இதுவே. தன் கொல்லையிலுள்ள வஸ்துவின் பெயரை அறியாதவர், அதையே கடையில் வேறு பெயருக்கு விலை கொடுத்து வாங்கவேண்டி வருகிறது.

இவ்வட்டாரத்தின் நிலைமை மாறிவிட்டதை அங்கத்தினர் யாவரும் அறிவர். 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலையும், 2010-ஆம் வருஷத்தில் ஒரகடத்தில் ரெனோ நிஸான் தொழிற்சாலையும் வேலை தொடங்கின. அவற்றைச் சுற்றி வேறு பல தொழிற்சாலைகள் ஏற்பட்டன. கொரியா, ஜப்பான் தேசத்தாரும், இந்தியாவின் பல ராஜ்யங்களிலிருந்து வந்தவர்களும் இப்பக்கத்தில் குடியிருக்கின்றனர். நெல் விளைந்த பூமியில் அநேகம் இன்று வீட்டு மனைகள். ஏக்கர்க் கணக்கில் சாகுபடி செய்த குடும்பங்கள் சிலவற்றுக்கு இன்று அரைக் கிரவுண்டுக் கொல்லையும் மொட்டைமாடி வெயிலுமே மிச்சம். அவ்வளவு இடத்தில் நெல் விளையாது, வாசனையிலை விளையும்.

இதைக் கேட்டு, இச்செடியால் ஒரு குடும்பம் பிழைத்துவிடும் என்று எவரும் கணக்குப் போட வேண்டா. வீட்டுச் சமையலுக்கு வேண்டிய இலையைத் தாமே விளைத்துக்கொள்வது முதற் பலன். மிஞ்சியதை விற்றால் ஸ்திரீகளின் கைச்செலவுக்குச் சிறிது வரும். அது இரண்டாவது பலன். இதற்காகச் சங்கத்தில் கடன் மனுக் கொடுக்கவே கூடாது. ஒரு சிட்டிகை விதை, பழைய பக்கெட்டு அல்லது ஓட்டைக் குடம், மக்கிய எரு, இவைதாம் மூலதனம்.

இனி, தாய்மார்கள் வழக்கமாய்க் கேட்கும் ஒரு கேள்வியை முதலில் தீர்க்கவேண்டும். “துளசியைக் குழம்பில் போடலாமா?” என்பதே அது. கேள்வி நியாயமானது. துளசியும் திருநீற்றுப் பச்சையும் ஒரே குலத்துச் செடிகள். ஆனால் வெவ்வேறு ஜாதி. இரண்டுக்கும் தண்டு நாற்சதுரமாயிருக்கும். புதினாவின் தண்டைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், ஏனெனில் புதினாவும் இவற்றுக்கு உறவே. துளசியின் தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமம் உண்டு. இலையோரம் ரம்பம்போல் வெட்டுடையது. பூ சிறியது, ஊதா நிறம் கலந்தது. திருநீற்றுப் பச்சையின் இலை வழவழப்பாயும் பளபளப்பாயும் இருக்கும்; பூ சற்றுப் பெரிது, பெரும்பாலும் வெள்ளை.

ஸ்ரீபெரும்புதூர் 1017-ஆம் வருஷத்தில் இராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். அங்கே துளசியின் பெருமையை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குன்றத்தூரோ சேக்கிழார் பிறந்த ஊர்; இவ்வூராருக்குத் திருநீற்றின் பெயரைத் தாங்கிய செடி அந்நியமாயிருக்கக் காரணமில்லை. போதாக்குறைக்குக் குன்றத்தூரிலேயே திருவூரகப் பெருமாள் கோயிலும் இருக்கிறபடியால், இரண்டு செடிக்கும் இங்கே இடமுண்டு. தாய்லாந்தில் துளசியின் இலையையே மிளகாயும் பூண்டும் சேர்த்து மாமிசத்தோடு வதக்குவர். அது அவர்கள் வழக்கம். இந்நாட்டிலும் சளி பிடித்தபோது துளசியிலையை ரஸத்திலும் கஷாயத்திலும் இடுவதுண்டு. ஆயினும் மாடத்துத் துளசியில் கை வைக்காமலே வேண்டிய வாசனையெல்லாம் திருநீற்றுப் பச்சையில் கிடைப்பதால், தாய்மார்கள் மனச் சங்கடப்பட வேண்டியதில்லை.

வேறு சில செடிகளும் துளசியென்ற பெயரைச் சுமந்து நிற்கின்றன. தரிசிலும் சாலையோரத்திலும் தானே முளைப்பது நாய்த்துளசி. கஞ்சாங்கோரை என்றும் சொல்வர். ஆளுயரம் புதர்போல் வளர்வது எலுமிச்சந்துளசி. சாம்பல் பூத்த இலையுடன் கற்பூர நெடி வீசுவது கற்பூரத் துளசி. இது சமையலுக்கு ஆகாது, குழம்பில் விழுந்தால் குழம்பு மருந்தாகிவிடும். தடித்த சதைப்பற்றுள்ள இலையையுடைய கற்பூரவள்ளியோ இந்தக் குலமே அன்று. பஜ்ஜிக்கு நல்லது, அவ்வளவே. நாற்றங்கால் வைத்து விற்போர் சிலர் இவையனைத்தையும் ‘துளசிச் செடி’ என்றே விற்பதால், பெயரை மாத்திரம் நம்பி வாங்கினவர் ஏமாறுவது சகஜமாயிருக்கிறது.

விதையின் பெயரிலும் ஓர் ஆபத்து உண்டு. இலங்கையில் சப்ஜா விதையையே ‘கசகசா’ என்று அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் கசகசா என்பது அபினிச் செடியின் விதை. குருமாவில் அரைத்து விடுவது. சப்ஜா கறுப்பு; கசகசா வெளுப்பு. சப்ஜா தண்ணீர் பட்டவுடன் வழுவழுப்பான உறை போர்த்துக்கொண்டு பருக்கும். கசகசா அவ்வாறு ஆவதில்லை. துபாய் முதலான வளைகுடா தேசங்களிலும் ஸிங்கப்பூரிலும் அபினி விதையைக் கொண்டு போவது குற்றம். பிள்ளைகள் அத்தேசங்களில் வேலையிலிருக்கும் குடும்பத்தார், சர்பத்துக்கு வேண்டுமென்று அவர்கள் கேட்டெழுதும் ‘கசகசா’ எது என்பதை நன்கு விசாரிக்காமல் மூட்டை கட்டி அனுப்பக் கூடாது.

இப்பொழுது ரகங்களைக் கவனிக்கலாம். இலையின் வாசனை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் ரகம் தேர்வது சுலபம். இலையின் மேல் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒருவகைத் தைலம் இருக்கிறது. அத்தைலம் ஒரே வஸ்துவன்று; பல வஸ்துக்களின் கலப்பு. மெதில் சாவிகால் என்பது மிகுந்திருந்தால் சோம்பின் வாசனை தூக்கும். லினலூல் மிகுந்தால் மலர்போன்ற இனிய வாசனை. கொத்தமல்லி விதையின் வாசனைக்கும் இதுவே காரணம். யூஜினால் இருந்தால் கிராம்பின் காரம். சிட்ரால் இருந்தால் எலுமிச்சை. இவை எந்த அளவில் சேர்கின்றன என்பதைப் பொறுத்தே ரகத்துக்கு ரகம் குணம் வேறுபடுகிறது. லக்னோவிலுள்ள மத்திய மருந்துச் செடி, வாசனைச் செடி ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஸிம் ஸௌம்யா’, ‘ஸிம் ஸுரபி’ முதலிய ரகங்களை இம்முறையிலேயே பொறுக்கி எடுத்து வெளியிட்டிருக்கின்றனர். அவை தைலம் வடிப்பதற்காக வயலில் சாகுபடி செய்யும் ரகங்கள். ஆனால் மூக்கால் தேறுவது என்ற முறை வீட்டுக்கும் பொருந்தும்.

கொல்லையிலுள்ள நாட்டு ரகத்தில் சோம்பு வாசனையே பெரும்பாலும் மேலோங்கி நிற்கும். இலை நடுத்தரம், வெயிலைப் பொறுக்கும், பூ விரைவில் வந்துவிடும். இது குழம்புக்கும் குருமாவுக்கும் இசையும். ஆனால் தக்காளியைப் பச்சையாய் நறுக்கிப் போட்டு உண்போருக்கு இதன் நெடி சற்று மிகையாய்த் தோன்றும். கடைகளில் சர்பத்துக்காக விற்கும் சப்ஜாவை விதைத்தாலும் அநேகமாய் இவ்வித இலையே கிடைக்கும். அவ்விதை பல இடத்துச் சரக்குக் கலந்ததாகையால், ஒரே பாத்தியில் நான்கு விதமான செடி நின்றாலும் ஆச்சரியமில்லை. அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். நான்கில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ள அதுவே சந்தர்ப்பம்.

‘ஜெனோவீஸ்’ என்பது இத்தாலி தேசத்து ஜெனோவா பட்டணத்தின் பெயரால் வழங்கும் ரகம். இலை கரண்டிபோல் குழிந்து, வெளிர்பச்சையாய், மிருதுவாய் இருக்கும். லினலூலும் யூஜினாலும் கலந்த வாசனை. சோம்பு நெடி இல்லை. அங்கே இவ்விலையைப் பூண்டு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு கல்லுரலில் இடித்து ‘பெஸ்டோ’ என்ற துவையல் செய்வர். தங்கள் ஊர் இலையின் பெயரைப் பிறர் அபகரிக்காதபடி அவர்கள் 2005-ஆம் வருஷத்தில் ஐரோப்பியச் சட்டப்படி பாதுகாப்பும் பெற்றுக்கொண்டனர். காஞ்சீபுரம் பட்டின் பெயருக்கு இந்நாட்டில் பாதுகாப்பு உள்ளதுபோலவே இதுவும். பட்டணத்துக் கடைகளும் சாப்பாட்டு விடுதிகளும் ‘பேஸில்’ என்று கேட்பது பெரும்பாலும் இதனையே. விதையைப் பெயர் போட்ட பொட்டலமாக வாங்க வேண்டும். சப்ஜாவிலிருந்து இது வராது.

தாய்லாந்து ரகத்துக்கு அங்கே ‘ஹோரபா’ என்று பெயர். தண்டும் பூக்கதிரும் ஊதாநிறம். இலை ஒடுங்கியது, சற்றுத் தடித்தது. நாட்டு ரகம்போல் சோம்பு வாசனையுடையதே. ஆனால் கொதியில் விரைவில் கெடாதது இதன் விசேஷம். குன்றத்தூர் வெயிலுக்கு ஜெனோவீஸைக்காட்டிலும் இது ஏற்றது என்று தயங்காமல் சொல்லலாம். எலுமிச்சை வாசனையுள்ள ரகம் வேறொன்று. தாய்லாந்தில் ‘மெங்லக்’ என்பர். இலை சிறியது, வெளிறியது. மீன் குழம்புக்கும் மோருக்கும் பருப்பு ரஸத்துக்கும் இதற்கு இணையில்லை. தமிழர் நாவுக்கு எல்லா ரகங்களிலும் முதலில் பிடிப்பது இதுவாகவே இருக்கும்.

கருஞ்சிவப்பு இலையுடைய ‘டார்க் ஓப்பல்’ என்ற ரகம் அமெரிக்காவில் கனெக்டிகட் ஸர்வகலாசாலையில் உருவாகி 1962-ஆம் வருஷத்தில் பரிசு பெற்றது. பார்வைக்கு அழகு, சமைத்தால் நிறம் மங்கிப்போம். முற்றத்தில் வைக்க விரும்புவோர் வைக்கலாம். உள்ளங்கையளவு சுருங்கிய இலையுள்ள ரகமும், பொடி இலையோடு பந்துபோல் நிற்கும் கிரேக்க ரகமும் உண்டு. பின்னது சிறு சட்டிக்கு வசதி.

பெயர்களை நெட்டுருப் போடுவதைவிட ஒரு சோதனையைச் செய்து பார்ப்பது மேல். ஒவ்வொரு ரகத்திலும் ஓர் இலையைக் கிள்ளித் தனித்தனியே விரலால் கசக்கி முகர வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே கையைக் கழுவிவிட வேண்டும். பிறகு இரண்டு கிண்ணங்களில் ஒரே ரஸத்தை ஊற்றி, ஒன்றில் கொதிக்கும்போதும் மற்றொன்றில் இறக்கிய பின்பும் இலையைப் போட்டுக் கால்மணி கழித்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். பச்சையில் மணத்தது கொதியில் காணாமற் போகலாம்; பச்சையில் நெடியாயிருந்தது சூட்டில் இதமாகலாம். வீட்டில் நாலு பேர் சுவைத்து எது வேண்டுமென்று சொல்லட்டும். அந்த ஒரு ரகத்தை, அல்லது மிஞ்சினால் இரண்டு ரகங்களை வைத்துக்கொண்டால் போதும். பத்து ரகம் சேர்த்தவர் வீட்டில் ஒன்றும் உருப்படியாய் இராது.

விதைப்புக்குத் தை மாதம் உத்தமம். மழை நின்று, பனியும் குறைந்து, வெயில் ஏறத் தொடங்கும் காலம் இச்செடிக்கு மிகவும் பிரியம். ஆடியிலும் இரண்டாம் முறை விதைக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் விதைப்பது வீண். 2015-ஆம் வருஷம் டிஸம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கரைபுரண்டதை இவ்வூரார் மறந்திரார். அப்படிப்பட்ட வருஷத்தைச் சொல்வானேன். சாதாரண அடைமழையிலேயே இதன் வேர் அழுகிப்போம். மழைக்காலத்தில் சட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்க வேண்டும். தரையில் உள்ளதற்கு மேட்டுப்பாத்தி அவசியம்.

விதை மிகவும் பொடி. ஒரு கிராமில் ஏறக்குறைய 600 முதல் 800 வரை விதைகள் இருக்கும். ஆகையால் ஒரு வீட்டுக்கு ஒரு சிட்டிகை தாராளம். செம்மண், மக்கிய தொழுவெரு, மணல் மூன்றையும் சமமாய்க் கலந்து சட்டியில் நிரப்பி, விதையை மேலே தூவி, கண்ணுக்கு மறையுமளவு மண்ணை மாத்திரம் தெளித்து அமுக்கிவிட வேண்டும். ஆழத்தில் புதைத்த விதை முளைப்பதில்லை. முதல் தடவை தோல்வியடைபவர்களில் பெரும்பாலோர் இதனாலேயே தோற்கின்றனர். பூவாளியால் தண்ணீர் விடவேண்டும். செம்பால் கொட்டினால் விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். நான்கு இலை விட்டபின், தரையானால் செடிக்குச் செடி ஓர் அடியும், பெரிய இலை ரகமானால் ஒன்றரை அடியும் இடைவெளி விட்டு, மாலை நேரத்தில் பிடுங்கி நடலாம். நாளொன்றுக்கு ஆறு மணி வெயிலாவது வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் மாத்திரம் உச்சிவேளைக்குத் தென்னங்கீற்றால் நிழல் கொடுக்க வேண்டும்.

செடி அரை அடி உயர்ந்ததும் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பலர் மனம் வராமல் விட்டுவிடுவதும் அதுவே. நுனிக் கொழுந்தை இரண்டாவது ஜோடி இலைக்கு மேல் கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை கிளம்பும், அவற்றையும் கிள்ளினால் நான்கு, நான்கும் எட்டாகும். கிள்ளாமல் விட்டால் செடி ஒற்றைக் குச்சியாய் உயர்ந்து பூத்துவிடும். பூத்த செடியில் இலை சிறுத்துக் காறல் ஏறும். ஆகையால் பூக்கதிர் தலை நீட்டியவுடன் அதைக் கிள்ளி எறிய வேண்டும். ‘பூவைக் கிள்ளுவது பாவம்’ என்று தயங்குவோர், அதைக் கதம்பத்தில் வைத்துக் கட்டிச் சுவாமிக்குச் சாத்திவிடலாம். கிள்ளின தண்டை ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். அதுவே அடுத்த செடி. பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதற்கு இதைவிட மலிவான வழியில்லை.

இலையைப் பச்சையாகவும் உண்பதால் நீரிலும் எருவிலும் பத்தியம் கண்டிப்பாய் இருக்கவேண்டும். சாக்கடையும் வேறு கழிவும் கலந்த கால்வாய் நீர் இச்செடிக்கு ஒருபோதும் கூடாது. பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணீரும் கூடாது. மக்காத சாணத்தைக் கரைத்து இலைமேல் தெளிப்பது சிலரிடம் உள்ள வழக்கம். இந்த இலைக்கு அது அருவருப்பு மாத்திரமன்று, வியாதிக்கும் இடமாகும். இலைப்பூச்சி, கம்பளிப் புழு முதலியவற்றைக் கையால் பொறுக்கிவிடுவதே வீட்டுக்குப் போதுமானது. மிஞ்சினால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி மாலையில் தெளிக்கலாம். தெளித்துச் சில நாள் சென்றபின் நன்றாய் அலம்பியே இலையை உபயோகிக்க வேண்டும். இலை மேலே மஞ்சள் திட்டும் அடியில் சாம்பல் பூஞ்சையும் கண்டால் அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே சிலாக்கியம். இனி, இலை நனையாமல் காலையில் வேரடியில் மாத்திரம் தண்ணீர் விட்டு, காற்றோட்டம் இருக்கும்படி செடிகளை விலக்கி வைத்தால் இந்நோய் குறையும். நின்றவாக்கில் வாடிச் செத்த செடி இருந்த மண்ணில் மறுபடியும் இதையே நடக் கூடாது.

அடுப்பங்கரையில் கவனிக்க வேண்டியது ஒன்றே: வாசனைத் தைலம் சூட்டில் பறந்துவிடும். கறிவேப்பிலைபோல் எண்ணெயில் முதலில் தாளித்தால் மணமெல்லாம் கூடத்துக்குப் போய்க் குழம்பில் தழை மாத்திரம் மிஞ்சும். கொத்தமல்லித் தழைபோல் இறக்கியபின் கையால் கிள்ளிப்போட்டு மூடிவைக்க வேண்டும். ஜெனோவீஸுக்குத் தக்காளித் தொக்கும் முட்டைத் தோசையும் பொருந்தும். பைன் கொட்டைக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் இவ்வூரில் அலைய வேண்டியதில்லை. வறுத்த வேர்க்கடலை, இரண்டு பல் பூண்டு, உப்பு, பச்சை மிளகாய் ஒன்று சேர்த்து இலையோடு அம்மியில் நைத்துச் சிறிது கடலையெண்ணெய் விட்டால் சோற்றுக்கும் இட்டிலிக்கும் நேர்த்தியான துவையல் ஆகும். யந்திரத்தில் அரைப்பவர் விட்டுவிட்டு அரைக்க வேண்டும்; சூடேறினால் இலை கறுத்துவிடும். எலுமிச்சை ரகத்தை நீர்மோரிலும் சுண்டலிலும் போட்டுப் பார்த்தவர்கள் பிறகு விடமாட்டார்கள். சப்ஜாவைப் பானகத்திலோ சர்பத்திலோ சேர்க்குமுன் கால்மணியாவது ஊறவைத்தல் வேண்டும். உலர்ந்த விதையைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் பருத்து அடைக்கக் கூடும்.

பறித்த இலையைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது பெரும் பிசகு. இது வெப்ப தேசத்துச் செடி. பத்து டிகிரிக்குக் கீழே இலை கறுத்துப்போகும். காலையில் தண்டோடு வெட்டித் தண்ணீர்ச் சொம்பில் பூங்கொத்துபோல் நிறுத்தினால் சில நாள் வாடாது. விற்பனைக்குக் கொண்டுபோவோர் ஈரத்துணியிலோ வாழையிலையிலோ தளரச் சுற்றவேண்டும்.

சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பெயர்பெற்ற விதையைப் பொட்டலமாய் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கினால் விலை அதிகம். பொட்டலத்தில் பாதி வீணாகும். இருபது பேர் சேர்ந்து ஒரே பொட்டலத்தை வாங்கிப் பங்கிட்டால் செலவு சொற்பம். விற்பனையிலும் அப்படியே. ஒரு வீட்டில் வாரம் நாலு கட்டு மிஞ்சும். நாலு கட்டுக்காக எந்தக் கடைக்காரரும் பேச்சு வார்த்தைக்கு வரமாட்டார். இருபது வீட்டுக் கட்டுகள் ஒரே நாளில், ஒரே எடையில், ஒரே ரகமாய்ச் சேர்ந்தால் கடையும் விடுதியும் அவற்றை வாங்க இசையும்.

ஆனால் சேர்ந்து விற்பதில் ஓர் அபாயமும் உண்டு. இருபது பேரில் ஒருவர் பூத்த செடியின் இலையைச் சேர்த்துவிட்டால், அல்லது அவசரத்துக்கு நாய்த்துளசியைக் கலந்துவிட்டால், அல்லது முந்தினநாள் மருந்து தெளித்ததை மறைத்துவிட்டால், வாங்குபவர் அந்த ஒருவரை விலக்குவதில்லை, சங்கத்தையே விலக்குவார். 1904-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இந்தியாவில் ஏற்பட்டபோது, அவ்வருஷத்திலேயே பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் நாணய சங்கம் பதிவாயிற்று. சென்னையில் திருவல்லிக்கேணி ஐக்கிய பண்டகசாலையும் அவ்வருஷத்திலேயே தொடங்கிற்று. சரியான எடை, கலப்பில்லாத சரக்கு, ரொக்க வியாபாரம் என்ற மூன்றும் அத்தகைய பண்டகசாலைகளின் ஆதாரம். கீரைக்கட்டுக்கும் வேறு விதி கிடையாது. ஆகையால் ஒவ்வொரு கட்டிலும் அங்கத்தினரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கட்டவேண்டும்; வாங்கும் இடத்தில் பொறுப்புள்ள ஒருவர் கட்டுக்கு ஓர் இலையாவது கசக்கி முகர்ந்து பார்த்தே ஏற்கவேண்டும்; தள்ளப்பட்ட கட்டுக்காகச் சண்டை கூடாது. முகர்ந்து பார்க்கும் அந்த வேலைக்கு ஒரு ஸ்திரீயை நியமிப்பதே யுக்தம். சமையலறையில் பழகிய மூக்குக்கு நிகராகப் புருஷர் மூக்கு தேறுவது அபூர்வம்.

விதையை அடுத்த வருஷத்துக்கும் தாமே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இப்பூவைத் தேனீக்கள் விடாமல் நாடும். ஒரு செடியின் தூளை மற்றொன்றுக்குக் கொண்டுபோகும். ஜெனோவீஸும் நாட்டு ரகமும் அடுத்தடுத்துப் பூத்தால் விதை கலந்து, அடுத்த வருஷத்து இலை இரண்டுக்குமில்லாமல் போம். ஆகையால் தெருவுக்கு ஒரு வீட்டில் ஒரு ரகத்தை மாத்திரம் பூக்கவிட்டு, மற்ற ரகங்களின் கதிர்களைக் கிள்ளிவிட ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தேன் கூடு வைத்திருக்கும் அங்கத்தினர் வீடாயிருந்தால் விதையோடு தேனும் மிச்சம். முதலில் பூத்த செடியைத் தாய்ச்செடியாக வைப்பது தவறு. கடைசியாய்ப் பூப்பதையே வைக்கவேண்டும். அதன் தண்டில் சிவப்பு நூல் ஒன்று கட்டிவிட்டால் வீட்டார் தெரியாமல் கிள்ளிவிடமாட்டார்கள். கதிர் பழுத்துக் காய்ந்தபின் வெட்டி, நிழலில் உலர்த்தி, துணிமேல் கசக்கிப் புடைத்தால் விதை உதிரும். ஈரம் படாத சீசாவில் போட்டு, ரகமும் வருஷமும் எழுதி வைத்தல் வேண்டும்.

தை விதைப்புக்கு முன், மார்கழியிலேயே அந்தச் சீசாவிலிருந்து 100 விதைகளை எண்ணி நனைந்த துணியில் பரப்பி, பத்து நாள் கழித்து முளை எத்தனையென்று எண்ணிப் பார்க்கவேண்டும். எழுபதுக்குக் குறைந்தால் அவ்விதையைச் சர்பத்துக்கு வைத்துக்கொண்டு, சங்கத்தின் மூலம் புது விதைக்குப் பெயர் கொடுத்துவிடலாம்.